புதிய தடுப்பூசியை எதைக் கொண்டு நம்புவது?

பெரம்பூர் வாசகர்:

எழுபது வயதைக் கடந்த என் அப்பா 2021-இல் கோவிஷீல்டு ஊசியை இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர். அந்த ஊசி மிக அரிதாக இரத்த உறைவையும் இரத்தத் தட்டணுக் குறைவையும் உண்டாக்கக்கூடும் என்று அதை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்ட செய்தி 2024-இல் வந்தது. அதிலிருந்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு மாரடைப்பு வந்தாலும் அந்த ஊசியின் மேல்தான் பழி விழுகிறது. "இதைப் போட்டுக்கொண்டால் கொரோனா வரவே வராது" என்று அன்று அப்பாவை வற்புறுத்தி அழைத்துச் சென்றவர்களும் இதே உறவினர்கள்தாம். நாளை வேறொரு பெருந்தொற்று வந்து, ஓராண்டுக்குள் புதிய ஊசியும் வந்துவிட்டால், மருத்துவம் படிக்காத ஒரு குடும்பம் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற சுகாதார அலுவலர், அம்பத்தூர்:

ஐயா, ஊசி எதைத் தடுப்பதற்காகச் சோதிக்கப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள். உங்கள் உறவினர்களின் இரண்டு பேச்சும் அந்தக் கேள்வியைக் கேட்காததால் எழுந்தவை. 2021-இல் வெளிவந்த ஆய்வுகள் அறிகுறியோடு வரும் நோயையும் அதன் தீவிரத்தையும் அளந்தனவே தவிர, கிருமி உடலுக்குள் நுழையவே நுழையாது என்று எந்த ஆய்வும் உறுதி கூறவில்லை. அந்த உறுதியை மக்களே கற்பனை செய்துகொண்டார்கள். அதைத் திருத்த வேண்டியவர்கள் போதிய அளவு திருத்தவில்லை. அதனால்தான், ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வந்த நாளில் ஊசியே வீண் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள்.

உங்கள் குழுவில் ஒரு கணக்கைப் பகிருங்கள். ஆயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் தமிழ்நாடு காவல் துறையினரிடையே எடுத்தது அது. இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிய 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரையிலான காலத்தில், ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தனர். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேரும், இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேரும் இறந்தனர். மரணத்தைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு 82 விழுக்காடும் இரண்டுக்கு 95 விழுக்காடும் பயன் இருந்ததாக இதிலிருந்து கணித்தார்கள். இரண்டு தவணை போட்ட அந்த நால்வரின் குடும்பங்களுக்கு இந்த விழுக்காடு ஆறுதல் தராது என்பதை நான் மறக்கவில்லை.

இரத்த உறைவு பற்றிய அச்சம் பொய்யல்ல. 2021-லேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மிக அரிய பக்கவிளைவாகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் முதல் தவணைக்குப் பின் சில வாரங்களுக்குள் தோன்றுவது. ஆண்டுகள் கழித்து வரும் மாரடைப்பை அதோடு சேர்த்துப் பேசுவதற்கு இடமில்லை.

மயிலாப்பூர் வாசகர்:

மேலே எழுதியவரின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஐயத்தின் பொறுப்பை மக்கள் தலையில் மட்டும் வைப்பதை ஏற்க முடியவில்லை. 2021 ஜனவரி 3 அன்று கோவேக்சின் என்ற மற்றொரு கொரோனா ஊசிக்கு அனுமதி வழங்கப்பட்டபோது, பயனைப் பல்லாயிரம் பேரிடம் அளக்கும் அதன் மூன்றாம் கட்ட ஆய்வில் ஒரு முடிவுகூட வெளிவந்திருக்கவில்லை. "மருத்துவ ஆய்வு முறையில்" என்ற நிபந்தனையோடு அனுமதித்து, போட்டுக்கொள்பவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அதே மூச்சில் இது முழுக்கப் பாதுகாப்பானது என்றும் அறிவித்தால், படித்தவரே தயங்கத்தானே செய்வார்? பின்னர் 25,798 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு வந்தது: அறிகுறியோடு நோயுற்ற 130 பேரில் 24 பேர் மட்டுமே ஊசி போட்டவர்கள், 106 பேர் ஒப்பீட்டுக்காகத் தடுப்பு மருந்து இல்லாத ஊசி பெற்றவர்கள், பயன் 77.8 விழுக்காடு. ஊசி நல்லது என்பது மெய்யானது. ஆனால் சான்று வருவதற்கு முன்பே நம்பச் சொன்னது தவறு, முடிவு நன்றாக அமைந்ததால் அந்தத் தவறு சரியாகிவிடாது.

தடுப்பூசி முகாமில் பணியாற்றிய செவிலியர், வியாசர்பாடி:

எங்கள் பகுதியில் மக்கள் விழுக்காடுகளைப் பற்றிக் கேட்டதே இல்லை. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2021 ஏப்ரல் 17 அன்று காலமானார். அதன் பிறகு முகாமுக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்டது அவரைப் பற்றித்தான். மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊக்குவிக்கவே அவர் முன்வந்து போட்டுக்கொண்டார் என்பதால், அந்த இழப்பு இரட்டிப்பாக வலித்தது. அவருடைய மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு கூறியது அக்டோபரில்தான். இடையில் போன ஆறு மாதமும், எங்கள் தெருக்களில் மிக அதிகமானோர் இறந்த மே மாதத்தை உள்ளடக்கியது. விசாரணை முடியவில்லை என்றாலும், இதுவரை என்ன தெரியும் என்பதை வாரந்தோறும் யாராவது தமிழில் சொல்லியிருந்தால், "சர்க்கரை நோய் இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று வாசலோடு திரும்பிய பெரியவர்களில் சிலரையாவது உட்கார வைத்திருப்பேன்.

ஓய்வுபெற்ற சுகாதார அலுவலர், அம்பத்தூர்:

அம்மா சொல்வதையும் மயிலாப்பூர் நண்பர் சொல்வதையும் மறுக்க மாட்டேன். இந்த ஊருக்கு இந்த வாதம் புதிதல்ல. கிண்டி ஆய்வகத்தில் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி மருந்து தயாரிக்கப்பட்ட காலத்தில், 1955-இல் இராஜாஜி அதைப் பொதுவெளியில் கடுமையாக எதிர்த்தார். அந்த ஊசியின் பயன் எவ்வளவு என்பதை அளந்து காட்டியது 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பேராய்வு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆயினும் குழந்தைகளின் மூளையுறைக் காசநோய்க்கு எதிராக அது பயன் தருவதால், இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். பயனின் எல்லையை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வுக்குப் பிறகும் பி.சி.ஜி.யை மக்கள் கைவிடவில்லை.

பெரம்பூர் வாசகர்:

மூவருக்கும் நன்றி. காவல் துறைக் கணக்கை இன்றிரவே குழுவில் இடுகிறேன். இரத்த உறைவு பற்றிய வரியையும் நீக்காமல் சேர்த்தே இடுகிறேன்.