பழைய இரும்பில் கலக்கும் செம்பு: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பள்ளி மாணவர்களுக்காக உலோக மறுசுழற்சி பற்றி ஒரு உரை தயாரிக்கிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

அலுமினியம் பகுதி சுலபமாக முடிந்தது. பாக்சைட் என்ற தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிடப் பழையதை உருக்கினால் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம். செம்பையும் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், தரம் குறையாது. மின்வாகனம், காற்றாலை, சூரியத் தகடு என எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டியிருக்கிற காலத்தில் இது பெரிய ஆறுதல்.

சிக்கல் இரும்பில்தான். பழைய கார்களை நொறுக்கும்போது மோட்டார், வயர்களில் இருக்கும் செம்பு எஃகுத் துண்டுகளோடு கலந்துவிடுகிறது. உருக்கிய பிறகு அதைப் பிரிப்பது மிகக் கடினம். செம்பு கூடிப்போனால், சூடாக உருட்டும்போது எஃகின் மேற்பரப்பில் வெடிப்பு விழுகிறது. சுத்தமான இரும்பைச் சேர்த்து செம்பின் அளவைக் குறைப்பார்கள் என்று படித்தேன். அதற்கு முன்பே, நொறுக்கிய துண்டுகளிலிருந்து செம்பைக் கையால் பொறுக்குகிறார்களா, இயந்திரம் பிரிக்கிறதா? மின்வில் உலையிலோ (மின்சாரத்தால் பழைய இரும்பை உருக்கும் உலை) ஸ்கிராப் யார்டிலோ வேலை பார்த்தவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும்.

இன்னொரு கேள்வி. 2022-இல் உலகில் உருவான மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. இந்தக் கணக்கைப் பார்த்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும் என்பதால், பழைய போனைக் கொடுக்கும்முன் பிள்ளைகள் என்ன கவனிக்க வேண்டும்?

படங்கள் இருந்தால் அவற்றையும் பகிருங்கள்.