பேரல் மாற்றும் போல்ட் ரைபிள்கள்: புழங்கியவர்கள் சொல்வது

ஒரே ரைபிள், இரண்டு பேரல் (துப்பாக்கிக் குழல்) என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, மாற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்பதைத்தான். பிளேசர் ஆர்8, சாவர் 404, மெர்க்கல் ஹெலிக்ஸ், எதை எடுத்தாலும் சில நிமிட வேலைதான். குறிபார்க்கும் ஸ்கோப் எதன்மேல் உட்கார்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆர்8-இல் ஸ்கோப்பைத் தாங்கும் சேடில் மவுண்ட் நேரே பேரலைப் பிடிக்கிறது. பேரலுக்கு ஒரு ஸ்கோப் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகவே கழன்று ஒன்றாகவே திரும்ப வரும், குறியும் அதனோடு வரும். 404-இலும் ஹெலிக்ஸிலும் ஸ்கோப் ரிசீவரின்மேல், அதாவது பேரல் பொருந்தும் உடல் பகுதியின்மேல் இருக்கும். பேரல் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். 0.1 மில்ரேடியன் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ. எந்தப் பேரலுக்கு மேலே எத்தனை கிளிக், பக்கவாட்டில் எத்தனை என்று எழுதி ரைபிள் பையிலேயே வையுங்கள். மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

—

மேலே எழுதிய அண்ணா சொன்னது சரி. ஆனால் ஆர்8-இலும் குறி தானாகத் திரும்பி வராது, மாட்டும் விதத்தில்தான் வரும். முன்கட்டைக்கு அடியில் இரண்டு திருகாணிகள். ஆலன் கீயால் தளர்த்தினால் பேரலை மேலே தூக்கி எடுத்துவிடலாம், திருகாணிகள் கட்டையைவிட்டு விழாது. திரும்ப மாட்டும்போது:

முதலில் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். மேகசினையும், தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டையும் கழற்றி வையுங்கள். பேரல் உட்காரும் பரப்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். அங்கே எண்ணெயோ, ஒரு மணலோ, பைன் இலைத் துணுக்கோ இருந்தால் பேரல் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும், 100 மீட்டரில் அது நன்றாகவே தெரியும். இரண்டு திருகாணிகளையும் முதலில் கையால் பிடிக்க வைத்து, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே விசை வேண்டும் என்றால், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்தான் வழி.

உறைக்குள் கிடந்த பேரலில் பாதுகாப்பு எண்ணெய் இருக்கும். அதை உலர் துணியால் எடுக்காமல் சுட்டால் முதல் குண்டு தனியாக எங்கோ போகும். பழியை மவுண்ட்மேல் போடுவார்கள்.

—

இரண்டு பேரலுக்கும் எந்தெந்தக் காலிபர் (தோட்டா அளவு) என்று ஜோடி சேர்ப்பதில்தான் பணம் வீணாகிறது. .308, .30-06, 8×57 ஐஎஸ், 9.3×62 எல்லாவற்றுக்கும், தோட்டாவின் அடியைப் பிடிக்கும் போல்ட் தலை ஒரே அளவு போதும். .300 வின்செஸ்டர் மேக்னம், 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் என்று போனால் தலை பெரிது. .223 என்றால் சிறியது. ஒரு அளவிலிருந்து இன்னொரு அளவுக்குப் போனால் போல்ட் தலையையும் மாற்ற வேண்டும், மேகசின் பகுதியையும் மாற்ற வேண்டியிருக்கும். ஜெர்மனியில் வேட்டையாடுபவர்களுக்குச் சட்டமே பாதி முடிவைச் செய்துவிடுகிறது: ரோ மானுக்கு (சிறிய மான் வகை) 100 மீட்டரில் 1000 ஜூல் போதும். காட்டுப்பன்றி, செம்மான் போன்ற மற்றப் பெரிய குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. காலிபரும் 2000 ஜூலும் வேண்டும். அதனால் .223 பேரல் பன்றிக்கு உதவாது. .30-06-உம் 9.3×62-உம் என்ற ஜோடியில் போல்ட் தலை அப்படியே இருக்கும், ரோ மானிலிருந்து பெரிய பன்றிவரை சமாளிக்கலாம். என் வாக்கு அதற்குத்தான்.

பேரல் தடிமனையும் கேட்டு வாங்குங்கள். ஆர்8-இன் 17 மி.மீ. பேரலுக்கு வெட்டிய கட்டையில் 19 மி.மீ. பேரல் உட்காராது.

—

சாவேஜ் ரைபிளையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அதுவும் பேரல் மாறும் ரைபிள்தான், ஆனால் வேலை வேறு. மேலே சொன்னவற்றில் போல்ட் பேரலிலேயே பூட்டுவதால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் பேரலுக்குள் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. சாவேஜில் பேரல் நட்டை இறுக்கும் இடம்தான் ஹெட்ஸ்பேஸ். வைஸ், நட் ரெஞ்ச், அந்தத் தூரத்தின் கீழ், மேல் எல்லைகளைச் சோதிக்கும் கோ கேஜ், நோ-கோ கேஜ் நான்கும் இல்லாமல் தொடாதீர்கள்.

போல்ட்டிலிருந்து எஜெக்டரை (சுட்ட உறையை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிவிடுங்கள். அதன் ஸ்பிரிங் கேஜைத் தள்ளி, விரலுக்குப் பொய்யான அழுத்தம் காட்டும். கோ கேஜை வைத்து போல்ட்டை மூடி, பேரல் கேஜைத் தொடும்வரை திருகி, நட்டை இறுக்குங்கள். நட் இறுகும்போது அளவு கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும்: கோவில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது. .308-இல் கோ 1.630 அங்குலம், நோ-கோ 1.634 அங்குலம். அந்த 0.004 அங்குலத்துக்குள்தான் எல்லாம். காட்டுக்குள் முகாமில் செய்யும் வேலை இல்லை இது.

—

இரண்டு பேரல் இருக்கும் வீட்டில் உண்மையான ஆபத்து தோட்டா மாறிப்போவதுதான். .30-06 சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) .308 தோட்டா நுழைந்துவிடும், சுடவும் செய்யும். தோட்டாவின் உறை தோளில் பிடிப்பில்லாமல் விரிந்து கிழியலாம், சூடான வாயு பின்னால் வரலாம். .308 சேம்பரில் 7 எம்எம்-08-உம் நுழையும். .223 பேரலில் .300 பிளாக்அவுட் நுழைந்துவிட்டால் அழுத்தம் ரைபிளையே உடைக்கும். வேட்டைக்குப் போகும்போது ஒரே வகைத் தோட்டாவை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மற்றது பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

—

சைலன்சர் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதைக் கழற்றினாலும் மாட்டினாலும் குண்டு விழும் இடம் நகரும், பேரலுக்குப் பேரல் வேறு மாதிரி நகரும். கிளிக் குறிப்பில் அதற்கும் ஒரு வரி வேண்டும். இரண்டு பேரலின் முனையிலும் ஒரே திருகு மரை, எம்15×1 என்றால் எம்15×1, என்று கேட்டு வாங்கினால் ஒரே சைலன்சரை இரண்டுக்கும் போடலாம். ஆனால் அதன் துளை பெரிய காலிபருக்குப் பொருந்த வேண்டும்: .30-க்கான சைலன்சரை 9.3 பேரலில் மாட்டினால் முதல் குண்டிலேயே அது சிதறும்.