புதுப்பிப்பு: தானே நின்றுபோன லப்டொப், பிழை நினைவகமான றாமில்தான்

இரண்டு கிழமைக்கு முன், என் லப்டொப் நாளுக்கு மூன்று நாலு தரம் நீலத்திரை காட்டித் தானே ரீஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருந்தேன், யாழ்ப்பாணத்து வெக்கைக்குச் சூடேறித்தான் நிற்கிறது என்று பலர் சொன்னீர்கள், நானும் நம்பி ஃபேன் தூசியைத் துடைத்து சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட்டும் புதிதாகப் பூசினேன். சூடு குறைந்தது, வருத்தம் மாறவில்லை.

விண்டோஸ் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்ற பிழைக்குறிப்பு மட்டும்தான் கிடந்தது. அது ஒழுங்காக அணையாமல் நின்றதைத்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளை வீணாக்கினேன். நீலத்திரையில் திரும்பத் திரும்ப வந்த 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற நினைவகப் பிழையை அல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம் றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பியில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டால், விடியத் திரை நிறையப் பிழைகள். இரண்டு றாமையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். போன வருடம் மலிவென்று வாங்கிப் போட்ட 8 ஜிபிதான் ஆள். மற்ற ஸ்லொட்டில் போட்டாலும் அதே கதை, ஆகவே மதர்போர்ட் தப்பியது. கடைக்கார அண்ணை மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார், பார்ப்போம். இப்போது பழைய 4 ஜிபியோடு ஐந்து நாளாக ஒருதரமும் நிற்கவில்லை, பிரவுசரில் பத்து டாப் திறந்தால் மட்டும் மூச்சு வாங்குகிறது.