ஒரே பெட்டிச் சுருட்டுகளில் ஏன் இந்தச் சுவை வேறுபாடு?

கேள்வி: கையால் சுருட்டிய உயர்தரச் சுருட்டுகளைச் சுவைத்துக் குறிப்பெழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரே பெட்டியில் எடுத்த இரண்டில் ஒன்று இனிமையாகவும், மற்றது பாதியைத் தாண்டியதும் கடுங்கசப்பாகவும் இருந்தது. குறை சுருட்டிலா, என்னிடமா?

மறுமொழி 1: வேகமாக இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிமிடத்துக்கு ஒருமுறை போதும். அதற்குமேல் இழுத்தால் கனல் சூடேறிக் கசப்பு மிகும். நுனியை வெட்டியதும், பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று தடைபட்டால், உள்ளிலை இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருக்கக்கூடும்.

மறுமொழி 2: சுருட்டுகளை வைத்திருக்கும் பெட்டியின் ஈரப்பதத்தையும் கவனியுங்கள், 65 முதல் 70 சதவீதம் வரை பொதுவாக ஏற்றது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்தி, சிறிதளவை மூக்கின் வழியே விட்டால், மிளகும் மரமும் கொக்கோவும் தனித்தனியே மணக்கும். சாம்பலின் நீளத்துக்கெல்லாம் மதிப்பெண் வேண்டாம், அது வெறும் வேடிக்கை.

கேட்டவர்: கசந்த சுருட்டில் மிச்சமிருந்த துண்டை அழுத்திப் பார்த்தேன், அதைச் சுற்றியுள்ள காகிதப் பட்டைக்கு அருகில் கட்டியாக இருக்கிறது.