ஒன்றரை லட்சம் பேரை ஊரைவிட்டு அனுப்பிய சான் பிரான்சிஸ்கோ: செய்தது சரியா?

நகர்மனிதன்:
சான் பிரான்சிஸ்கோவில் புதிதாக யாரையும் புதைக்கக் கூடாது என்று 1900இல் தடை போட்டார்கள். 1914இல் இருக்கிற கல்லறைத் தோட்டங்களையும் காலி செய்யச் சொன்னார்கள். வழக்கு, பொது வாக்கெடுப்பு என்று இழுத்து, 1940களின் தொடக்கத்தில்தான் வேலை முடிந்தது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் உடல்கள் தெற்கே கொல்மாவுக்குப் போயின. அந்தச் சின்ன ஊரில் இன்று உயிரோடு இருப்பவர்கள் சில ஆயிரம் பேரைத் தாண்ட மாட்டார்கள், மண்ணுக்குள் இருப்பவர்கள் 15 லட்சம்.

நகரம் செய்தது சரிதான் என்பது என் கட்சி. காலியான இடத்தில் வீடுகள் வந்தன, கடைகள் வந்தன, மேசானிக் கல்லறை இருந்த மேட்டில் ஒரு பல்கலைக்கழகமே நிற்கிறது. பழைய கல்லறை என்றாலே தொடக் கூடாது என்று மற்ற ஊர்களில் பிடிவாதம் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள், பொறித்ததைப் படியெடுங்கள், இணையத்தில் ஏற்றுங்கள். கல்லறை விவரங்களைத் திரட்டும் ஃபைண்ட் எ கிரேவ் இணையதளத்தில் மட்டும் 20 கோடிக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. வரலாறு அங்கே பத்திரமாக இருக்கும். நிலம் உயிரோடு இருப்பவர்களுக்கு வேண்டும்.

கல்லெழுத்து:
உடல்கள் போயின, சரி. கற்கள் எங்கே போயின என்பதையும் சொல்லுங்கள். கல்லைக் கொண்டுபோகக் குடும்பம் பணம் கட்ட வேண்டும். கட்ட ஆள் இல்லாதவர்களின் எலும்புகள் மொத்தமாக ஒரே குழிக்குள் போயின. சான் பிரான்சிஸ்கோவின் லாரல் ஹில் கல்லறையில் இருந்த சுமார் 35,000 பேர் கொல்மாவின் சைப்ரஸ் லான் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மேட்டுக்கு அடியில் கிடக்கிறார்கள். அவர்களுடைய கற்களை உடைத்துக் கடலோரத் தடுப்புக்குக் கொட்டினார்கள். புவெனா விஸ்டா பூங்காவில் மழைநீர் ஓடும் கால்வாய்க்குப் பாவினார்கள். அங்கே குனிந்து பார்த்தால் சில துண்டுகளில் இன்றும் எழுத்து தெரிகிறது.

இது நடந்தது எந்த ஊரில்? 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் நகர மன்றக் கட்டடம் போய், பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் பெரும்பகுதி அழிந்துபோன ஊரில். தங்க வேட்டைக் காலத்தில் வந்து இறந்த எத்தனையோ பேருக்குக் கல் ஒன்றுதான் சாட்சி. ஏடு எரிந்த ஊரில் கல்லையும் உடைத்ததை எப்படிச் சரி என்கிறீர்கள்?

நகர்மனிதன்:
கல்லை உடைத்தது அநியாயம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் லாரல் ஹில் கற்களின் வாசகங்களை, கலைப்பதற்கு முன்பே, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த பெண்களின் அமைப்பான அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கத்தார் படியெடுத்து வைத்தார்கள். இன்று குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

இன்னொன்று. 2016இல் ஒரு வீட்டைப் புதுப்பிக்கத் தோண்டியபோது சிறு உலோகப் பெட்டியில் ஒரு பெண் குழந்தையின் உடல் கிடைத்தது. ஆட் ஃபெல்லோஸ் கல்லறையைக் காலி செய்தபோது விட்டுப்போன உடல். பக்கத்தில் கல் ஏதும் இல்லை. பழைய கல்லறை வரைபடத்தை இன்றைய தெருக்களின் மேல் பொருத்தி, யார் யார் அந்த இடத்தில் இருந்தார்கள் என்று சுருக்கி, குழந்தையின் முடியிலிருந்த டிஎன்ஏவை வாழும் உறவினர் ஒருவருடையதோடு ஒப்பிட்டு, 1876இல் மூன்று வயதுகூட நிறையாமல் இறந்த ஈடித் ஹோவர்ட் குக் என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். பெயரை மீட்டுத் தந்தது ஆவணம்.

கல் தன் இடத்திலேயே இருப்பதாகவும் நினைக்காதீர்கள். 1660இல் தொடங்கிய பாஸ்டன் கிரானரி இடுகாட்டில் 19ஆம் நூற்றாண்டில் கற்களைப் பிடுங்கி வரிசையாக நட்டார்கள், பார்வைக்கு ஒழுங்காக இருக்கவும் புல் வெட்ட வசதியாகவும். எந்தக் கல்லுக்குக் கீழே யார் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மலைக்காற்று:
நீங்கள் இரண்டு பேரும் கல் உள்ளவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கல்லும் இல்லாமல் ஏடும் இல்லாமல் போனவர்களை எங்கே வைப்பது?

நியூயார்க்கில் 1991இல் பிராட்வே 290ஆம் எண் மனையில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டினார்கள். எலும்புகள் வந்தன. 1690களிலிருந்து 1794 வரை ஆப்பிரிக்கர்களை, அடிமைகளையும் விடுதலை பெற்றவர்களையும், புதைத்த நிலம் அது. சுமார் 15,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 419 பேரின் எச்சங்களை வெளியே எடுத்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குழந்தைகள். பெரியவர்களின் எலும்பில் தசை பற்றும் இடங்கள் சுமை தூக்கித் தூக்கித் தடித்தும் கிழிந்தும் இருந்தன. சிலருடைய பற்கள் ஆப்பிரிக்க வழக்கப்படி அராவப்பட்டிருந்தன. அடிமைமுறை தெற்கு மாநிலங்களின் பருத்திக்காட்டுச் சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்த நியூயார்க்காரர்களுக்கு, தங்கள் ஊரைக் கட்டிய கைகள் யாருடையவை என்று காட்டியது அந்த மண். எந்தக் கல்லைப் படம் எடுத்து இதை நீங்கள் இணையத்தில் ஏற்றியிருப்பீர்கள்?

நகர்மனிதன்:
உங்கள் உதாரணம் என் பக்கம்தான் சேரும். தோண்டியதால்தானே தெரிந்தது? தொடாமல் விட்டிருந்தால் அந்த 419 பேரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது. எச்சங்களை ஹோவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டு ஆராய்ந்தார்கள். 2003இல் மரியாதையோடு திரும்ப அடக்கம் செய்தார்கள். கட்டடமும் எழுந்தது, வரலாறும் கிடைத்தது. நான் கேட்பது அதைத்தான்.

கல்லெழுத்து:
நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள் நண்பரே. அங்கே இடுகாடு இருந்தது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 1755ஆம் ஆண்டு நகர வரைபடத்திலேயே குறித்திருக்கிறது. பின்னால் வந்த கட்டடங்களின் நிலவறைகள் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்று அனுமானித்துக்கொண்டு தோண்டினார்கள். பள்ளமான நிலத்தை முன்னொரு காலத்தில் மண்கொட்டி மேடாக்கியிருந்ததால் கல்லறைகள் ஆழத்தில் பத்திரமாக இருந்தன. எலும்பு வந்த பிறகும் வேலையை நிறுத்தவில்லை. இயந்திரம் சில கல்லறைகளைச் சிதைத்தது. ஊர்க் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினார்கள், நாடாளுமன்றம் தலையிட்டது, 1992இல்தான் தோண்டுவது நின்றது. கட்டடத்தோடு சேர வேண்டிய ஒரு மண்டபத்தைக் கைவிட்டார்கள். அந்த இடம் 2006இல் தேசிய நினைவிடமானது.

நீங்கள் சொல்கிற ஆய்வும் மரியாதையும் போராடி வாங்கியவை. கட்டுகிறவர்கள் கையில் விட்டிருந்தால் புவெனா விஸ்டா பூங்காக் கால்வாய்தான் கதி.

யாழினி_நியூ இங்கிலாந்து:
மாசசூசெட்ஸ் வூஸ்டர் நகரத்தின் ரூரல் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி இங்கே யாரும் சொல்லாதது எனக்கு வருத்தம். யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் அங்கேதான் இருக்கிறார். 1822இல் வூஸ்டரில் பிறந்து, 1884இல் அதே ஊரில் இறந்தவர். தன் கல்லில் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று பொறிக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். பின்னாலே நம் சனம் அவரைத் தேடிப் போனதற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம்.

அந்த வரி புத்தகங்களிலும் இருக்கிறது என்று நகர்மனிதன் அண்ணா சொல்வார். இருக்கிறதுதான். ஆனால் அவருக்குப் பக்கத்தில் யார், எந்தக் குடும்பம் எந்த மூலையை வாங்கியது, யாரை ஓரத்தில் தள்ளினார்கள் என்பதை ஒற்றைக் கல்லின் படம் சொல்லாது. 1831இல் கேம்பிரிட்ஜ் அருகே மவுண்ட் ஆபர்ன் தொடங்கிய பிறகு இப்படி மரமும் குன்றுமாக உள்ள தோட்டங்கள் ஊரூராகப் பரவின. அவற்றின் நடைபாதைகளில் போனாலே ஒரு ஊரின் பணக்காரர்கள் யார், குடியேறிகள் யார் என்று தெரிந்துவிடும்.

ஆனால் கல்லெழுத்து அக்காவோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஊருக்கு ஊர் எல்லா இடுகாட்டையும் காக்க முடியாது. பராமரிப்பு நிதி தீர்ந்து, புதர் மண்டி, கல் சாய்ந்து கிடக்கும் இடங்கள் ஏராளம். நல்லெண்ணத்தில் போகிறவர்கள் பிளீச் ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, பளிங்கை அரித்துவிடுகிறார்கள். காப்பதற்கும் பயிற்சி வேண்டும், காசு வேண்டும்.

மலைக்காற்று:
நகர்மனிதன், நிலம் வீட்டுக்கு வேண்டும் என்று தொடங்கினீர்கள். சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவுக்குப் போங்கள். அது நகர இடுகாடாக இருந்தது. ஏழைகள், சீனர்கள், ஜப்பானியர்கள், இத்தாலியர்கள் என்று பிரித்துப் பிரித்துப் புதைத்தார்கள். பெரும்பாலான உடல்களை எடுக்கவே இல்லை, மேலே கோல்ஃப் மைதானம் போட்டார்கள். உச்சியில் லீஜியன் ஆஃப் ஆனர் அருங்காட்சியகம் 1924இல் வந்தது. 1990களில் அதை விரிவாக்கத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எச்சங்கள் வெளிவந்தன. சீனர்கள் எலும்புகளை எடுத்துத் தாய்நாட்டுக்கு அனுப்பும் வழக்கம் உடையவர்கள். அவர்களுடைய சடங்குக் கட்டுமானம் ஒன்று பந்தடிக்கும் புல்வெளி நடுவே இன்னும் நிற்கிறது. அங்கே எத்தனை ஏழைகளுக்கு வீடு கிடைத்தது?

நகர்மனிதன்:
கோல்ஃபுக்காக நான் வாதாடவில்லை. அங்கே மைதானத்தை மூடிவிட்டு முறையாக அகழ்ந்து, பெயர் தெரிந்தவரை எழுதி, வீடு கட்டலாம் என்பேன். நிபந்தனையையும் சொல்லிவிடுகிறேன்: முதலில் பழைய வரைபடம், பிறகு தரை ஊடுருவும் ராடார், அப்புறம் அகழாய்வு, கடைசியில்தான் கட்டுமானம். எல்லாச் செலவும் கட்டுகிறவர் தலையில். ஆனால் இறந்தவர் இருக்கிறார் என்பதற்காக நிலத்தை என்றென்றைக்கும் மூடிவைப்பதை ஏற்க மாட்டேன்.

கல்லெழுத்து:
கட்டுகிறவர் தலையில் செலவை வைத்தால் அவரே ஆய்வாளரையும் அமர்த்துவார், ஒன்றும் இல்லை என்று அறிக்கையும் வாங்குவார். கறுப்பின மக்களின் இடுகாடுகளைக் கண்டறிந்து காக்க ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வரை மானியம் தரலாம் என்று 2022 டிசம்பரில் சட்டம் வந்தது. நாடு முழுவதுக்கும் அவ்வளவுதான், அதையும் ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கினால்தான் உண்டு. தோண்டும் உரிமையைப் பேசுவதற்கு முன்னால், வழித்தோன்றல்கள் வேண்டாம் என்றால் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று சொல்லுங்கள். அதற்கு உங்கள் திட்டத்தில் இடம் இருந்தால் மேலே பேசலாம்.