காலை ஜிம்மில் சுகர் ஏறுகிறது, சாயங்காலம் ஷட்டிலில் இறங்குகிறது. ஏன்?

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கம். வயது 36, ஊர் கோவை. போன தீபாவளி சமயத்தில் எடை மளமளவென்று குறைந்தது, ஓயாத தாகம் வேறு. முதலில் பார்த்த இடத்தில் சாதாரண சுகர் என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. அப்புறம் உடம்பே தன் கணையத்தைத் தாக்குகிறதா என்று பார்க்கும் ஜிஏடி ஆன்டிபாடி ரத்த டெஸ்ட் எடுத்ததில் டைப் 1 என்று தெரிந்தது. இப்போது ராத்திரி லாண்டஸ் (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்), சாப்பாட்டுக்கு முன் நோவோராப்பிட் (வேகமாக வேலை செய்யும் இன்சுலின்).

காலையில் வெறும் வயிற்றில் ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்கினால், 120 இருந்த சுகர் 190 ஆகிறது. சாயங்காலம் 5 மணிக்கு இரண்டு தோசை, அதற்கு 4 யூனிட். 6 மணிக்கு ஷட்டில் கோர்ட். ஆடி முடித்துப் பார்த்தால் 62, கை நடுங்குகிறது. ஆடிய நாட்களில் நடுராத்திரி சட்டை நனைந்து விழிப்பும் வருகிறது. பெரியப்பா, "தினம் ஒரு மணி நேரம் நட, ஊசியே வேண்டாம்" என்கிறார். மனைவி, "ஆட்டமே வேண்டாம்" என்கிறாள். நான் என்ன செய்ய?

பழைய பேனா:

தம்பி, பெரியப்பாவுக்கு இருப்பது டைப் 2. அவர் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, நடந்தால் அது நன்றாக வேலை செய்யும். உங்களுக்குச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் லாண்டஸை நிறுத்த முடியாது. நிறுத்தினால், இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறி ஐசியூவில்தான் போய் நிற்கும். நம் ஊரில் சுகர் என்றாலே எல்லாரும் டைப் 2 வைத்தியம்தான் சொல்வார்கள், கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நான் 29 வயதில் டைப் 1 ஆனவன். நீங்கள் சொல்லும் இரண்டும் எனக்கும் உண்டு. வெயிட் தூக்கும்போது அட்ரினலின் சுரக்கும், உடனே கல்லீரல் சேமித்து வைத்த குளுக்கோஸை அவிழ்த்துவிடும். காலை வெறும் வயிறு, சாப்பாட்டு ஊசியும் உள்ளே இல்லை. ஏறத்தான் செய்யும். 190-ஐப் பார்த்ததும் இன்சுலின் பேனாவைத் தேடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே இறங்கும். அதற்குள் முழு டோஸ் போட்டால் ஆபீஸில் உட்கார்ந்தபடி சுகர் இறங்கி லோ ஆவீர்கள்.

ஷட்டிலில் நடப்பது வேறு. நோவோராப்பிட் உச்சத்தில் வேலை செய்வது போட்ட ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். நீங்கள் சரியாக அந்த நேரத்தில் கோர்ட்டில் ஓடுகிறீர்கள். தசையும் குளுக்கோஸை இழுக்கிறது, இன்சுலினும் இழுக்கிறது. ஒன்று, டிபனை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் ஆடும் நாளில் அந்த டோஸைக் குறைக்க வேண்டும். என் டாக்டர் எனக்குப் பாதியாக்கினார். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஒரு வார ரீடிங்கை எழுதிக்கொண்டு போங்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கணையம் கொஞ்ச காலம் மிச்சம் மீதி சுரக்கும், 'ஹனிமூன்' என்பார்கள். அதனால் டோஸ் மாதத்துக்கு மாதம் மாறும்.

ராத்திரி வியர்வை அநேகமாக ஹைப்போ, அதாவது சுகர் லோ ஆவதுதான். காலியான தசை, ஆட்டம் முடிந்து பல மணி நேரம் கழித்தும் குளுக்கோஸை இழுத்து நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆடிய நாளில் படுக்கும் முன் கட்டாயம் பாருங்கள், 2 மணிக்கு அலாரம் வைத்தும் ஒருமுறை பாருங்கள். ஆட்டம் முடிந்து நண்பர்களோடு பீர் என்றால் இன்னும் மோசம், கல்லீரல் குளுக்கோஸ் விடுவதை விட்டுவிட்டு அதைக் கவனிக்கப் போய்விடும்.

பெருங்குடி ஓட்டக்காரி:

அண்ணா, பேனா சார் சொன்னதோடு என் பங்குக்குக் கொஞ்சம். ஆடப் போகும்முன் 126 முதல் 180 வரை இருந்தால் நல்லது. 90-க்குக் கீழே என்றால் முதலில் 10, 20 கிராம் குளுக்கோஸ் எடுத்துவிட்டு, ஏறியதைப் பார்த்துத்தான் கோர்ட்டில் கால் வைக்க வேண்டும். நடுவில் 70-க்குக் கீழே போனால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் குளுக்கோன்-டி தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பையில் கடலை மிட்டாயும் சாக்லேட்டும் வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள். கொழுப்பு இருப்பதால் அவை மெதுவாகத்தான் ஏறும்.

கையில் சுகரை விடாமல் அளக்கும் சென்சார் ஒட்டியிருந்தால், ஓடும்போது அது நிஜத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அம்புக்குறி கீழே சாய்ந்தால் எண்ணை நம்பாமல் விரலில் குத்திப் பாருங்கள். ஓட்டத்துக்கு முன் தொடையில் ஊசி போடாதீர்கள், சீக்கிரம் உறிஞ்சிவிடும். நான் வயிற்றில்தான் போடுவேன். பேனாவை வண்டி சீட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது, சென்னை வெயிலில் மருந்து வீணாகிவிடும்.

கூட ஆடுகிறவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். வியர்வை, படபடப்பு எல்லாம் ஆட்டத்திலும் வரும், லோவிலும் வரும். நீங்கள் உளறுவது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

கேலரி சீட்:

உங்கள் மனைவியிடம் பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமைச் சொல்லுங்கள். 1997-ல், முப்பது வயதை ஒட்டித்தான் அவருக்கு டைப் 1 என்று தெரிந்தது. 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டியில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர். ஷட்டிலுக்கா தடை?

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ரீடிங் எழுத நோட்டு வாங்கிவிட்டேன். மனைவிக்கு கிரிக்கெட் பிடிக்காது, வேறு ஆள் இருந்தால் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று. ஒரு நாள் ஆடப் போகும்முன் 280 காட்டியது. ஆடினால் இறங்கிவிடும் என்று போகலாமா?

பழைய பேனா:

காரணம் தெரியாமல் போகாதீர்கள். 250-ஐத் தாண்டினால் முதலில் கீட்டோன் பாருங்கள், சிறுநீர் ஸ்ட்ரிப் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். கீட்டோன் இருந்தால் இன்சுலின் போதவில்லை என்று அர்த்தம், ஆடினால் சுகர் இன்னும் ஏறும். அன்றைக்கு ஆட்டம் கிடையாது, டாக்டருக்குத்தான் போன். கீட்டோன் இல்லை, மதியம் சாப்பிட்ட பிரியாணிதான் காரணம் என்றால் நிதானமாக ஆடலாம், அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு.