சுங்குடித் தயாரிப்புக்கு நிர்வாக மென்பொருள்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: மகால் பகுதி வணிகர்

வணக்கம். திருமலை நாயக்கர் மகாலுக்கு அருகே சுங்குடிச் சேலைகளைத் தயாரித்து மொத்தமாக விற்கும் குடும்ப நிறுவனம் எங்களுடையது. வெள்ளைத் துணியை வாங்கி முடிச்சுப் போடும் பெண்களின் வீடுகளுக்கும், அங்கிருந்து சாயப் பட்டறைக்கும், பிறகு கஞ்சி போட்டு மடிப்பவரிடமும் அனுப்புகிறோம். ஒரு பகுதி வேலை சின்னாளபட்டியில் நடக்கிறது. பில்லும் ஜி.எஸ்.டி. கணக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒழுங்காகவே உள்ளன. ஆனால் எந்தத் துணி யாரிடம் இருக்கிறது என்பது என் தந்தையாரின் நோட்டிலும் மேஸ்திரியின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. கொள்முதல், இருப்பு, கூலி, விற்பனை, கணக்கு, சம்பளம் அனைத்தையும் ஒரே மென்பொருளுக்கு மாற்றி ஏப்ரல் 1 அன்று தொடங்கிவிடலாம் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி வற்புறுத்துகிறார். அவ்வாறு செய்யலாமா?

பதில்: கப்பலூர் ரப்பர்

நிதியாண்டின் முதல் நாள் என்பதைத் தவிர அந்தத் தேதிக்கு வேறு சிறப்பு எதுவும் இல்லை. பருத்திச் சேலைக்குக் கோடைதான் விற்பனைக் காலம். மார்ச்சில் கணக்கு முடிக்கும் வேலை, அதைத் தொடர்ந்து சித்திரைத் திருவிழா நெரிசல் என்று கடையில் ஒருவருக்கும் நிமிர நேரம் இல்லாத நாட்களில் புதிய முறையைப் பழகச் சொன்னால், இரண்டாவது வாரமே அனைவரும் துண்டுச் சீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கோடைச் சரக்கு விற்றுத் தீர்ந்து இருப்பு மிகக் குறைவாக இருக்கும் ஆடி மாதத்தை ஒட்டித் தொடங்குங்கள். தொடக்க இருப்பை எண்ணிப் பதிவதே இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி. எண்ண வேண்டிய சரக்கு குறைந்தால் பிழையும் குறையும்.

உங்களுக்கு வலிக்கும் இடம் வெளியே போயிருக்கும் துணி. ஆகவே துணி நகர்வை மட்டும் முதலில் எடுங்கள். சம்பளத்துக்கு மென்பொருள் வேண்டும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அது பிரதிநிதியின் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பதில்: அனுப்பானடி நிரலர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மென்பொருளைத் தேர்வதற்கு முன்பே முடிக்க வேண்டிய ஒரு வேலை உண்டு: பொருள் பட்டியல். ஒவ்வொரு வடிவம், நிறம், கரை ஆகியவற்றின் சேர்க்கைக்கும் தொடக்கத்திலேயே தனிக் குறியீடு கொடுத்தால் பட்டியல் ஆயிரக்கணக்கில் பெருகி, பதிவு செய்பவர் கைக்கு வந்த ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். உங்கள் தொழிலின் ஓட்டமே இதற்கு வழி காட்டுகிறது. வெள்ளைத் துணிக்கு அகலமும் கரையும் போதும். முடிச்சு விழுந்த பிறகுதான் வடிவம் தெரியும். சாயம் ஏறிய பிறகுதான் நிறம் தெரியும். அந்தந்தக் கட்டத்தில் தெரிந்ததை மட்டும் குறியீட்டில் சேருங்கள். மீட்டரில் வாங்கிய துணி எந்த இடத்தில் சேலை எண்ணிக்கையாக மாறுகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இருப்புக் கணக்கில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி அந்த ஓரிடத்தில்தான் பிறக்கிறது.

மென்பொருளைப் பொறுத்தவரை, இஆர்பிநெக்ஸ்ட் என்ற நிர்வாக மென்பொருள் திறமூலம் (நிரல் அனைவருக்கும் திறந்திருப்பது) என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வருக்கும் அதைப் பராமரிக்கும் ஆளுக்கும் செலவு உண்டு. எதை வாங்கினாலும், உங்கள் தரவு முழுவதையும் எக்செல் வடிவில் நீங்களே எந்நேரமும் எடுக்க முடியும் என்பதையும், ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: திருநகர் கணக்காளர்

சட்டப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆவது பிரிவின்படி, கூலிவேலைக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும் அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கப்படும். அனுப்பும் ஒவ்வொரு முறையும் செலான், அதாவது சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டு, அவசியம். விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் கூலிவேலைக்குப் போய்வந்த சரக்கின் விவரத்தைத் தரும் ஐ.டி.சி.-04 படிவத்தை ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறையும் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் செலான் வாரியாக வெளி இருப்பையும் அதன் வயதையும் காட்டுகிறதா என்று செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். வண்ண வரைபடங்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஆண்டின் நடுவில் பில்லைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற நேர்ந்தால் தனி வரிசை எண் வைத்துக்கொள்ளலாம். எண் தொடர்ச்சியாகவும், அந்த நிதியாண்டில் மீண்டும் வராததாகவும், 16 எழுத்துக்குறிகளுக்கு மிகாமலும் இருந்தால் போதும். ஆயினும் என் யோசனை, பில்லையும் பேரேட்டையும் அடுத்த மார்ச் வரை டேலியிலேயே விட்டுவிடுவதுதான். 2017-18 முதல் ஏதேனும் ஓர் ஆண்டில் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் மின்னணு விலைப்பட்டியலும் (இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் இணையதளத்தில் பதிவு செய்யும் முறை) உங்களுக்குப் பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஏற்பாட்டை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஆடியில் துணி நகர்வை மட்டும் தொடங்குவது என்று முடிவு செய்கிறோம். ஆனால் முடிச்சுப் போடும் பெண்களிடம் கைப்பேசிச் செயலியைத் திணிக்க முடியாது. தந்தையாரும் நோட்டை விடமாட்டார். பதிவை யார் செய்வது?

பதில்: கப்பலூர் ரப்பர்

அந்தப் பெண்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. துணி வாசலைத் தாண்டும் இடத்தில் ஒருவர் மட்டும் பதியட்டும். செலான் அச்சாகாமல் மூட்டை வண்டியில் ஏறக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும், முதலாளியின் உறவினர் வந்து கேட்டாலும், தளர்த்தாதீர்கள். தந்தையாரின் நோட்டைப் பிடுங்க வேண்டாம். அதன் பக்க எண்ணைச் செலானின் ஓரத்தில் எழுதிவிட்டு, சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு பட்டறையின் இருப்பை மட்டும் நோட்டோடும் மென்பொருளோடும் ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் நோட்டே சரி என்று வைத்துக்கொண்டு, எந்தச் செலான் விடுபட்டது என்று தேடுங்கள். கூலி முன்பணத்தை இதில் இப்போது சேர்க்காதீர்கள்; சாயப் பட்டறை இருப்பு தொடர்ந்து ஒத்துப்போகத் தொடங்கிய பிறகு அதைப் பார்க்கலாம்.